இரண்டு அங்குலத்தின் கதை



பழைய ஜீப்பை வெட்டி நீட்டப் போவதாக உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். செய்யட்டும். அதற்கு முன் லேண்ட் ரோவர் நீண்ட கதையைப் படித்துவிடட்டும்.

1948-இல் இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி அந்த வண்டியை வெளியிட்டபோது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம். அமெரிக்க ஜீப்பிலும் அதே 80தான். முதல் மாதிரியையே ஜீப் சேஸிஸ் மேல்தான் கட்டினார்கள். மேடு பள்ளம் எல்லாம் ஆட்டுக்குட்டி போல ஏறி இறங்கியது. ஆனால் விவசாயிக்கு மூட்டை ஏற்ற இடம் போதவில்லை. 1954 மாடலில் 86 ஆக்கினார்கள். கூடவே 107 அங்குல பிக்கப் ஒன்றும் வந்தது. தகடுகளைப் பெட்டி போல வெல்டிங் செய்த சேஸிஸ் என்பதால் நீட்டுவது பெரிய பாடாக இல்லை.

எனக்குப் பிடித்தது 1956-இல் நடந்ததுதான். 86 என்பது 88 ஆனது, 107 என்பது 109 ஆனது. இரண்டே அங்குலம்! எதற்கு என்று வகுப்பில் கேட்டிருந்தால் எல்லோரும் “மூட்டைக்கு” என்றுதான் எழுதியிருப்பீர்கள். இல்லை. அடுத்து வரவிருந்த டீசல் இன்ஜினுக்கு இடம்விட, முன்பக்கத்தில் சேர்த்தார்கள்.

நீட்டினால் தொல்லையும் உண்டு. மேட்டு உச்சியில் வண்டியின் வயிறு தட்டும், திருப்ப அதிக இடம் வேண்டும். 109 வந்த பிறகும் 88-ஐ அவர்கள் நிறுத்தவில்லை.