பூதச் சுறாவின் பெயர்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1898 ஆம் ஆண்டில் அமெரிக்க மீனியல் அறிஞர் டேவிட் ஸ்டார் ஜோர்டன் ஆழ்கடற் சுறா ஒன்றை விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்தார். யப்பானின் யொக்கோகாமாவை அடுத்த கடலிற் பிடிபட்ட, ஏறத்தாழ 107 சென்ரிமீற்றர் நீளமான இளம் ஆண் சுறா அது. தட்டையாக நீண்ட மூக்கும், இரையைக் கௌவ முன்னே பாயும் தாடையும் உடைய அதற்கு அவர் இட்ட பெயர் மிற்சுக்குரினா ஓஸ்ரனி என்பதாகும்.

பெயரும் ஓர் ஆவணமே. இலக்கியப் பிரதிகளை நாம் ஆராய்வதுபோல அதனையும் ஆராய்தல் கூடும். முற்கூறு டோக்கியோப் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியர் மிற்சுக்குரி கக்கிச்சியைக் குறிப்பது. பிற்கூறு யொக்கோகாமாவில் வாழ்ந்த ஆங்கிலேய வணிகர் அலன் ஓஸ்ரனைக் குறிப்பது. உயிரின மாதிரிகளை மேலைநாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்பது ஓஸ்ரனின் தொழில்களுள் ஒன்று. அவர் சுறாவைப் பேராசிரியரிடம் கொடுத்தார். பேராசிரியர் ஜோர்டனிடம் கொடுத்தார். அது கைமாறிய வழியே பெயராயிற்று. ஆனால் கடலிலிருந்து அதனை எடுத்த கைக்கு அப்பெயரில் இடமில்லை.

இம்மௌனம் தற்செயலானதா? யொக்கோகாமா 1859இல் அந்நியர்க்குத் திறக்கப்பட்ட ஒப்பந்தத் துறைமுகம். அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் 1899 வரை யப்பானிய நீதிமன்றங்களுக்குக் கட்டுப்படாதோர். எனினும் அனைத்தையும் ஏகாதிபத்தியத்தின் மேல் ஏற்றிவிடுதல் எளிய வாய்பாடாகவே அமையும். மிற்சுக்குரி யப்பானியரே, 1886இல் மிசாக்கியிற் கடலாய்வு நிலையம் உருவாக முன்னின்றவர். சாதிப்பெயரில் யப்பானியர் ஒருவர் இடம்பெற்றார், மீனவர் இடம்பெறவில்லை. தேச எல்லை தளர்ந்த இடத்திலும் வர்க்க எல்லை தளரவில்லை என்பது மனங்கொளத்தக்கது.

சகாமி விரிகுடாவின் ஆழத்தை முதலில் அறிந்தோர் அப்பகுதி மீனவரே. அவர்கள் இறக்கிய நெடுந்தூண்டில்களிற் சிக்கிய கண்ணாடிக் கடற்பஞ்சுகள் எனோஷிமாவின் நினைவுப்பொருட் கடைகளில் விற்கப்பட்டன. 1879 முதல் 1881 வரை யப்பானிலிருந்த ஜெர்மானிய விலங்கியலாளர் லுட்விக் டோடர்லைன் அவ்விரிகுடாவின் வளத்தைக் கண்டறிந்தது இக்கடைகளின் வாயிலாகத்தான். பின்னர் மிசாக்கி நிலையம் அவோக்கி குமாக்கிச்சி என்ற மீனவரைச் சேகரிப்பாளராக அமர்த்தியது. அவர் பெயர் எஞ்சியமை விதிவிலக்கேயாகும்.

இச்சுறாவுக்கு யப்பானிய வழக்கில் வேறொரு பெயருண்டு: தெங்குசமே. (நம் தென்னையோடு இதற்குத் தொடர்பில்லை.) தெங்கு என்பது நாட்டார் நம்பிக்கையில் வரும் நீண்ட மூக்குடைய பூதம், சமே என்றால் சுறா. ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் இதன் மொழிபெயர்ப்பே. 1899இல் ஆதர் சிமித் வூட்வார்ட், இச்சுறா புதைபடிவங்களால் முன்னரே அறியப்பட்ட ஸ்கப்பனோரிங்கஸ் சாதியைச் சேர்ந்ததென வாதிட்டார். அதன்பின் பல தசாப்தங்களாகப் பேராசிரியரின் பெயர் ஏடுகளில் நிலையின்றித் தளம்பியது. தெங்குசமே என்ற பெயரை எவரும் விவாதிக்க வேண்டியிருக்கவில்லை.