சட்டாம்பிள்ளையும் தோழனும்

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் எழுத்து நிலையம் என்றொரு பகுதி உண்டு. கட்டுரை எழுதத் தடுமாறும் மாணவன் தன் பிரதியை எடுத்துக்கொண்டு அங்குச் செல்கிறான். அவனை எதிர்கொள்பவர் பேராசிரியருமல்லர், விரிவுரையாளருமல்லர். அவனைப் போலவே பட்டப்படிப்பில் இருக்கும் இன்னொரு மாணவர். இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து எழுதியதை வாசிக்கின்றனர், உரையாடுகின்றனர். அங்கே புள்ளி இடப்படுவதில்லை. சிவப்பு மைக்கும் வேலையில்லை. மேலோட்டமாக நோக்குமிடத்து இஃது ஆசிரியர் பற்றாக்குறைக்குக் கண்ட மலிவான பரிகாரமாகவே தோன்றும். ஆனால் இவ்வழக்கம் எச்சூழலில் வேரூன்றியது என ஆராயப் புகுவோமாயின், ஒரு நகரத்தின் உழைக்கும் மக்கள் உயர்கல்வியின் வாயிலை முட்டித் திறந்த வரலாறு அதன் பின்னால் நிற்பதைக் காண்போம்.

மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிப்பது புதிய செய்தியன்று. நம்மவர் அதனைத் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை வடிவில் நன்கறிவர். மேலைத்தேயம் அதனை ஒரு முறையாக வகுத்துக்கொண்டதும் தமிழ் மண்ணிலிருந்துதான். 1789இல் சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படையினர் இம்மண்ணின் பெண்களுக்குப் பெற்று அநாதைகளாக விட்ட ஆண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதி அமைக்கப்பட்டது. அதன் மேற்பார்வையாளரான அன்ட்ரூ பெல் பாதிரியார், சுதேசச் சிறுவர் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் விடுதியிலும் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே எட்டு வயது மாணவனொருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவ்வனுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என அது பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் ஏறத்தாழ அதே காலத்தில் இத்தகையதொரு முறையை லண்டனில் நடத்தினார். ஓர் ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், இடையே மேற்பார்வைச் சிறுவர்கள்: புதிதாய் எழுந்த ஆலைகளின் ஒழுங்கு அப்படியே பள்ளிக்கூடத்துள் வந்து குடியேறியது.

இதில் நாம் மறத்தற்கியலாத செய்தியொன்று உண்டு. ஏழைகளின் பிள்ளைகளுக்குச் செலவுமிக்க கல்வி அளிக்கவேண்டுமென்பதோ, எழுத்தும் கணக்கும் கற்பிக்கவேண்டுமென்பதோ தம் நோக்கமன்று எனப் பெல் பின்னர் வெளிப்படையாகவே எழுதினார். வேதத்தை வாசிக்கும் அளவுக்கு அறிவு வந்தாற் போதும்; எழுதக் கற்றவன் தன் நிலைக்கு மேற்பட்டதை நாடுவான் என்பதே அக்கால ஆளும் வர்க்கத்தின் அச்சம். அடக்கத்தோடு வாசிப்பவன் ஆபத்தற்றவன். எழுதுபவனோ தன் வாயால் பேசத் தொடங்கிவிடுகிறான். சட்டாம்பிள்ளை இவ்வொழுங்கின் கடைசிக் காவலன். வயதில் அவன் மாணவன். ஆனால் அவன் கையிலிருந்தது ஆசிரியரின் பிரம்பு.

இனி நியூயோர்க்குக்கு வருவோம். 1847இல் அந்நகர வாக்காளர் தம் வாக்குகளால் ஒப்புதல் அளித்ததன் பேரில், கட்டணமின்றிக் கற்பிக்கும் உயர்கல்விக்கூடம் ஒன்று அங்கே நிறுவப்பட்டது. சிற்றி கல்லூரி எனப் பின்னர் அறியப்பட்டது அதுவே. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து தையற்கூடங்களில் உழைத்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதிற் பயின்று வெளிவந்தனர். எனினும் கட்டணம் இல்லை என்பதால் வாயில் திறந்திருந்தது எனக் கொள்ளலாகாது. பணம் செய்யாத காவலைப் புள்ளி செய்தது. அனுமதிக்கு வேண்டிய பள்ளிப் புள்ளிகள் உயர உயர, வசதி குன்றிய பள்ளிகளிற் படித்தவர் வெளியே நின்றனர். 1960களில், கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஹார்லெமில் நின்ற அக்கல்லூரியின் வகுப்புகளில் கறுப்பின மாணவர் மிகச் சிலராகவே இருந்தனர்.

அநீதியை ஓரளவு சரிக்கட்ட 1966இல் 'சீக்' என்னும் சிறப்புத் திட்டம் சட்டமாயிற்று. அதிற் பயிற்றிய ஆசிரியருள் ஓட்ரே லோர்ட், ஜூன் ஜோர்டன், அட்ரியன் ரிச் முதலிய கவிஞர்கள் இருந்தனர் என்பது இலக்கிய மாணவர் அறிந்திருக்கவேண்டிய செய்தி. ஆனால் சிறு சாளரம் திறந்ததும் வாயிலின் பூட்டு இன்னும் தெளிவாகக் கண்ணிற் பட்டது போலும். 1969 ஏப்ரல் 22ஆந் தேதி கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் சிற்றி கல்லூரியின் தென்வளாகத்தைக் கைப்பற்றி ஏறத்தாழ இரு வாரங்கள் தம் வசம் வைத்திருந்தனர். அவர்தம் கோரிக்கைகள் ஐந்து. நகரப் பள்ளிகளிற் பயில்வோரின் இன விகிதம் கல்லூரிக்குப் புகுவோரிலும் தெரியவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆசிரியராகப் பயில்வோர் ஸ்பானிய மொழியையும், கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மக்களின் வரலாற்றையும் கட்டாயம் கற்கவேண்டும் என்பது இன்னொன்று. நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு 1975ஆம் ஆண்டுக்கென ஒதுக்கி வைத்திருந்த 'திறந்த அனுமதி'த் திட்டத்தை 1970ஆம் ஆண்டுக்கே முன்கொணர்ந்தது. நகரத்தில் உயர்தரப் பள்ளியை முடித்த எவருக்கும் பல்கலைக்கழகத்தின் ஏதாவதொரு கல்லூரியில் இடம் உண்டு. 1969இல் சுமார் 20,000 ஆக இருந்த புதுமுக மாணவர் தொகை 1970 செப்டெம்பரில் ஏறத்தாழ 35,000 ஆயிற்று. அவ்வாறு வந்தோரில் இத்தாலிய, ஐரிஷ் தொழிலாளர் குடும்பங்களின் வெள்ளையினப் பிள்ளைகளும் பெருந்தொகையினர். கறுப்பின மாணவரின் போராட்டம் ஏனைய உழைப்பாளர் பிள்ளைகளுக்கும் வழிதிறந்தது என்பதை அப்பிள்ளைகளின் பெற்றோரிற் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் உண்மை அதுதான்.

வந்தவர்களால் எழுத முடியவில்லை என்ற கூக்குரல் உடனே எழுந்தது. சிற்றி கல்லூரியில் இம்மாணவர்க்கான எழுத்துப் பயிற்சியை நெறிப்படுத்திய மீனா ஷோனசி, 1970 முதல் 1974 வரை அவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்தார். 1977இல் வெளிவந்த அவரது நூல், அப்பிழைகள் மந்தபுத்தியின் அடையாளங்களல்ல என்று காட்டிற்று. பழகாத நடையொன்றைக் கைப்பற்ற முனைபவன் தானறிந்த விதிகளைக் கொண்டு தர்க்கரீதியாக முயல்கிறான். அம்முயற்சியின் தடங்களே பிழைகள். இச்சஞ்சிகையின் வாசகரிற் பலர் கட்டுரைக் கொப்பிகளைக் கட்டுக்கட்டாகத் திருத்துபவர்களாதலின், இக்கருத்தின் கனத்தை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அதே 1970இல் புரூக்லின் கல்லூரியில் முதலாண்டு ஆங்கிலப் பாடத்தின் பொறுப்பை ஏற்றவர் கென்னத் புரூஃபி. அவரும் அவரையொத்த பொறுப்பிலிருந்தோரும் எதிர்கொண்ட இக்கட்டு விசித்திரமானது. தடுமாறும் மாணவர்க்கெனக் கல்லூரிகள் ஆலோசனை நிலையங்களை அமைத்தன. பயிற்சி பெற்றோரையும் மேற்பட்டப் படிப்பு மாணவரையும் அங்கே அமர்த்தின. மாணவரோ அவ்வுதவியை நாடவில்லை. நாடியவரும் அதனால் அதிகம் பயன்பெறவில்லை. இதனைச் சோம்பல் என்றோ நன்றிகேடு என்றோ கூறி முடித்துவிடுவது நிருவாகத்துக்கு எளிது. புரூஃபி வேறு விளக்கம் கண்டார். நீட்டப்பட்ட உதவி மாணவரைத் தோல்வியுறச் செய்த அதே வகுப்பறையின் நீட்சியாக இருந்தது; ஆகவே அவர்கள் விலகினர் என்பது அவர் முடிவு. எம் கருத்தில், இவ்வரலாற்றின் திருப்புமுனை இம்மறுப்பே. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிகளால் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள், தம்மை மீண்டும் நோயாளிகளாக உட்காரவைக்கும் நாற்காலியில் அமர மறுத்தனர். அவர்களுடைய இலக்கணம் பிழையாக இருந்திருக்கலாம்; அரசியல் தீர்ப்பு பிழையானதன்று.

ஆசிரியரிடம் வராதவர் சக மாணவரிடம் வருவர் என்ற ஊகத்தில் புரூக்லினில் மாணவத் துணைவர் அமர்த்தப்பட்டனர். இவர்களும் சட்டாம்பிள்ளைகளாய் மாறிவிடாதிருக்க என்ன செய்வது? பெல்லின் சிறுவனுக்கு ஆசான் சொன்னதைத் திருப்பிச் சொல்வதே பயிற்சி. புரூஃபி வகுத்த பயிற்சிநெறி நேர்மாறானது. துணைவராகப் போகும் மாணவர் முதலில் தாமே கட்டுரை எழுதி ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ளவேண்டும். வாசிப்பவர் எடுத்த எடுப்பிலேயே நன்று, தீது என்று கூறலாகாது. ஒவ்வொரு பந்தியும் என்ன சொல்கிறது, கட்டுரையில் அது என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் முதலில் எழுதித் தரவேண்டும். அதன் பின்னரே விமர்சனம். விமர்சிக்கப்பட்டவர் அதற்கு எழுத்தில் மறுமொழி கூறலாம். விமர்சனமும் மறுமொழியுங்கூட எழுத்தாதலின் அவையும் ஆராயப்படும். இப்பயிற்சி பட்டப்படிப்பின் ஒரு பாடமாகவே கணிக்கப்பட்டது. தீர்ப்பதற்கு முன் விவரிக்கப் பழகிய ஒருவர், தடுமாறும் தோழனின் பிரதியைக் கையிலெடுக்கும்போது அவன் என்ன சொல்ல வந்தான் என்றே முதலில் தேடுவார். நம் விமர்சகர் சிலர்க்கும் இப்பாடத்தைப் பரிந்துரைக்கலாம் என்று தோன்றுகிறது.

இச்சிந்தனைக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. லண்டனில் மருத்துவ மாணவர்க்குக் கற்பித்த அபர்குரொம்பி அம்மையார், அவர்கள் சிறு குழுக்களாகக் கூடி ஒரே பொருளைத் தாம் எவ்வெவ்வாறு காண்கின்றனர் என விவாதிக்கும்போது தீர்மானிக்கும் ஆற்றல் வளர்வதை 1960இலேயே நூலொன்றில் விளக்கியிருந்தார். புரூஃபி அவருக்குத் தம் கடப்பாட்டைக் குறிப்பிட்டுள்ளார். ஆயினும் லண்டன் மருத்துவ மாணவர் முன்னமே உள்ளே இருந்தவர்கள். புரூக்லினில் வாயிலுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்ததால் அதே கருத்துக்குப் புதிய பொருள் பிறந்தது.

வாயில் நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1975இல் நியூயோர்க் நகரம் வங்குரோத்தின் விளிம்பை அடைந்தபோது கடன் கொடுத்தவர்கள் கைவைத்தவற்றுள் பல்கலைக்கழகமும் ஒன்று. 1976 மே மாத இறுதியில் சம்பளம் வழங்கப் பணமின்றி அது மூடப்பட்டது. மீண்டும் திறந்தபோது, உலகப் போர்களிலும் முப்பதுகளின் பெருமந்தத்திலும் கூடக் காக்கப்பட்ட இலவசக் கல்வி, 129 ஆண்டுகளின் பின் ஒழிக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் பெருந்தொகையாக வேலை இழந்தனர். ஆசிரியர் குறையக் குறைய மாணவத் துணைவரின் சிக்கனம் நிருவாகிகளின் கண்ணுக்கு இனித்தது. தோழமை என்று தொடங்கியது மலிந்த உழைப்பு என்னும் மறுமுகத்தையும் பெற்றது இவ்வாறே.

இதற்குள் அம்முறை வேறிடங்களுக்கும் பரவிற்று. 1982இல் பிரவுண் பல்கலைக்கழகம் தன் மாணவரைக் கொண்டே எழுத்துத் துணைத் திட்டமொன்றைத் தொடங்கியது; மாணவத் துணைவர் பற்றிய முதலாவது தேசிய மாநாடும் 1984இல் அங்கேதான் கூடிற்று. பிரவுண் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் பழம்பெருங் கலாசாலை. ஹார்லெமின் ஆக்கிரமிப்பில் கருக்கொண்ட ஏற்பாடு அங்கே கல்லூரியின் பெருமைக்குரிய அணிகலனாயிற்று. அதே 1984இல் புரூஃபி எழுதிய கட்டுரை, கற்றலென்பது கற்றோர் சமூகத்தின் உரையாடலிற் சேர்ந்துகொள்ளல் என்று வாதிட்டது. அழகிய வாதம்; ஆனால் அவ்வுரையாடல் எவருடையது, அதன் விதிகளை வகுத்தவர் யார் என்னும் வினாவை அது பின்தள்ளியது. ஜோன் டிரிம்பர் 1987இல், தோழன், ஆசான் என்னும் இரு சொற்கள் ஒரே ஆளில் எவ்வாறு பொருந்தும் என வினவினார். 1989இல் மேலும் சென்று, எல்லோரும் எட்டும் உடன்பாடு அதிகாரத்தின் வேறுபாட்டை மூடி மறைத்தலுங் கூடும் எனச் சுட்டினார். எமக்கு அவர் பக்கமே நியாயம் மிகுதியெனப் படுகிறது. அதற்காக, பேராசிரியர் எதிர்பார்க்கும் நடையைக் கற்றுக்கொடுப்பதே அடிமைத்தனம் என்று கூறிவிடவும் நாம் தயாரில்லை. நாளை காலை கட்டுரையை ஒப்படைக்க வேண்டிய சுமைதூக்கியின் மகளுக்கு அந்நடை வேண்டும். தன் வீட்டுமொழி இழிந்ததன்று என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். இவ்விரண்டையும் ஒரே மணி நேரத்தில் செய்யவேண்டிய இடத்தில் இருப்பவர் இருபது வயது மாணவர் ஒருவர்.

1998இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, நான்காண்டுக் கல்லூரிகளில் அடிப்படைப் பயிற்சி வகுப்புகளை நிறுத்துவதெனத் தீர்மானித்தது. திறந்த அனுமதியால் வந்திருக்கக்கூடியவர்கள் ஈராண்டுக் கல்லூரிகளுக்குத் திருப்பப்பட்டனர். எழுத்து நிலையங்கள் மட்டும் எஞ்சின. துணைவர் அவற்றில் மணித்தியாலக் கூலிக்கு அமர்ந்தனர். அக்கூலிபற்றிய பேச்சு அண்மையிலேதான் உரத்து எழத் தொடங்கியிருக்கிறது. அயோவா மாநிலத்துக் கிரினெல் கல்லூரியில் 2016இல் உணவுச்சாலையில் வேலைசெய்த மாணவர் தமக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தனர். 2022இல் அக்கல்லூரியின் மாணவத் தொழிலாளர் ஏனையோரும் வாக்களித்து அச்சங்கத்துள் வந்தனர்.