கூட்டு வணிகப் பெயர்ப் பதிவும் பொது அறிவிப்பும்

இருவரோ பலரோ கூட்டாகத் தொழில் நடத்தும் பெயரையும் அதன் பின்னுள்ள ஆட்களையும் அரசுப் பதிவேட்டில் ஏற்றுவது கூட்டு வணிகப் பெயர்ப் பதிவு. இந்தியாவில் இதற்கு அடிப்படை 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். கடைப் பலகையில் உள்ள ‘அண்ட் கோ’, ‘பிரதர்ஸ்’, ‘அண்ட் சன்ஸ்’ போன்ற பெயர்கள் சட்டத்தின் கண்ணில் தனி ஆள் அல்ல. கூட்டாளிகள் எல்லாரையும் சேர்த்துக் குறிப்பவை. அதற்குள் யார் யார் அடக்கம் என்பதைக் கடன் கொடுத்தவர் அறிய வழி செய்வதே பதிவின் நோக்கம்.

பதிவேடு வருமுன்பே தமிழ் வணிகர்களிடம் தொழிற்பெயர் முறை வேரூன்றியிருந்தது. நகரத்தார் தங்கள் பெயர், தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து ‘விலாசம்’ வைத்துக்கொண்டனர். பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் இருந்த கடைகளில் முதலாளியின் அதிகாரப் பத்திரம் பெற்ற ஏஜெண்டு அந்த விலாசத்தின் பேரிலேயே கடன் கொடுத்தார், வாங்கினார். விலாசத்தைச் சொன்னால் குடும்பமும் ஊரும் தெரிந்துவிடும். அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவருக்கு அது வெறும் எழுத்துகள்தாம். பங்கு யாருக்கு, பொறுப்பு யாருக்கு என்று அவரால் அறிய முடியாது.

பிரிட்டனில் கட்டாயப் பதிவு 1916இல் வந்தது. முதல் உலகப் போரின்போது, ஜெர்மானியர் ஆங்கிலப் பெயர்களில் வணிகம் செய்கிறார்கள் என்ற அச்சம் இதற்குத் தூண்டுகோல். அதனால் நாட்டுரிமையும் பழைய பெயரும் பதிவில் கேட்கப்பட்டன. வணிகக் கடிதத் தலைப்பிலும் உரிமையாளர் பெயரை அச்சிட வேண்டியிருந்தது. இலங்கையின் வணிகப் பெயர்கள் கட்டளைச் சட்டம் 1918இல் இதைப் பின்தொடர்ந்தது.

இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் ஓர் அத்தியாயமே 1932ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கூட்டாண்மையை ஆண்டுவந்தது. புதிய மசோதாவை ஆராய்ந்த சிறப்புக் குழுவில் பிரஜேந்திரலால் மித்தர், தின்ஷா முல்லா, ஆர்தர் எக்கர் ஆகியோருடன் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் இருந்தார். சிறிய, நிலையில்லாத தொழில்களுக்குக் கட்டாயப் பதிவு சுமையாகும் என்று கருதிய குழு, பிரிட்டனின் வழியை விட்டுப் பதிவை விருப்பத்துக்கு விட்டது. இந்த நாட்டுக்கு அதுவே பொருத்தமான முடிவு.

பெயரில் ‘கிரவுன்’, ‘எம்பரர்’, ‘இம்பீரியல்’, ‘ராயல்’ போன்ற சொற்களை அரசின் எழுத்துமூல இசைவின்றி வைக்கக் கூடாது என்கிறது 58ஆம் பிரிவு. பெயர், இடம், ஒவ்வொரு கூட்டாளியும் சேர்ந்த தேதி, நிரந்தர முகவரி, தொழிலின் கால அளவு ஆகியவற்றைப் பதிவு விண்ணப்பத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்திட வேண்டும். சட்டத்தின் முதல் அட்டவணை இதற்கு விதித்த உச்சக் கட்டணம் மூன்று ரூபாய். பதிவேட்டின் ஒரு தொகுதியைப் புரட்டிப் பார்க்க எட்டணா. எட்டணாவில் ஒரு கடையின் உண்மையான முதலாளிகளை எவரும் அறியலாம் என்பது அந்நாளில் சிறிய காரியமன்று.

விருப்பம் என்றாலும் பதியாதவருக்கு இடர் பெரிது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தப் பாக்கிக்காகப் பதிவு செய்யாத கூட்டு வெளியார்மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது 69ஆம் பிரிவு. வெளியார் அதன்மீது தொடரத் தடையில்லை. வணிகர்கள் பழகிக்கொள்ளட்டும் என்று இந்தப் பிரிவு மட்டும் ஓராண்டு தாமதமாக, 1933 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

தொழில் தொடங்கும்போது செய்தித்தாளில் அறிவிக்கச் சட்டம் கேட்பதில்லை. பதிவான கூட்டிலிருந்து ஒருவர் விலகும்போதும் விலக்கப்படும்போதும், கூட்டு கலையும்போதும் கேட்கிறது. 72ஆம் பிரிவின்படி பதிவாளருக்குத் தெரிவிப்பதோடு, அரசிதழிலும் மாவட்டத்தில் புழங்கும் வட்டார மொழிச் செய்தித்தாள் ஒன்றிலேனும் வெளியிட வேண்டும். அதுவரை, விலகியவர் பழைய கூட்டாளிகளின் செயலுக்கு வெளியாரிடம் பொறுப்பாளியாகவே நீடிக்கிறார். அவர் கூட்டாளி என்று அறியாமலே கொடுக்கல் வாங்கல் செய்தவரிடம் மட்டும் அந்தப் பொறுப்பு இல்லை.

பதிவு பெயருக்குத் தனியுரிமை தராது. அதற்கு 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர்கள் இப்பணியைச் செய்கின்றனர், இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம்.