விளக்கு அணைந்த ஊர்கள்... பொருநைக் கரையில் தேடுவது எப்படி?

வருவாய்த்துறை ஆவணங்களில் 'பேச்சிராக் கிராமம்' என்றொரு சொல் வரும். பேச்சு மூச்சில்லாத ஊர்னு நினைச்சுடாதீங்க. பாரசீகத்திலிருந்து வந்த சொல் அது. 'விளக்கு இல்லாத ஊர்' என்று பொருள். பெயர் இருக்கும், சர்வே எண் இருக்கும், வயலும் குளமும் இருக்கும். குடியிருக்க மட்டும் ஆள் இருக்காது.

இங்கிலாந்தில் இப்படி மத்திய காலத்தில் கைவிடப்பட்ட கிராமங்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் உண்டு. யார்க்‌ஷயரில் இருக்கும் வாரம் பெர்சி என்ற ஊரில், 1950 முதல் 1990 வரை ஒவ்வொரு கோடையிலும் ஆய்வு நடந்தது. அங்கே தெருவும் வீட்டு அடித்தளமும் புல்லுக்கு அடியில் மேடு பள்ளமாக இன்றும் தெரியும். நம்ம தாமிரபரணிக் கரையில் அப்படித் தெரியாது. கார், பிசானம் என்று வருஷம் முழுக்க உழுகிற பூமி இது. ஆனாலும் தடயம் இருக்கு. எங்கே பார்க்கணும்னு தெரிஞ்சா போதும்.

கடல் விலகியது, ஊர் கலைந்தது

நம் பகுதியின் பெரிய உதாரணம் கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். 'கொல்கி' என்று கிரேக்கப் பயணக் குறிப்புகளில் வருவது இதுதான். இன்றைக்குப் போய்ப் பாருங்க, வாழையும் நெல்லும் சூழ்ந்த சின்ன கிராமம். கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

காரணம் ஆறுதான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், கழிமுகத்தைத் தூர்த்துக் கடலைத் தள்ளியது. துறைமுகம் தூர்ந்ததும் வணிகம் கடலை ஒட்டி இருந்த காயலுக்கு நகர்ந்தது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து எழுதியது அந்தக் காயலைத்தான். பிறகு அதற்கும் அதே கதி.

இதைக் களத்தில் இறங்கித் தேடியவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல். 1870-களில் அவர் பார்த்தது கோட்டை கொத்தளங்களை அல்ல. காயல் பகுதியில் மைல் கணக்கில் சிதறிக்கிடந்த ஓடுகளையும், சீனா, அரபு நாடுகளிலிருந்து வந்த பீங்கான் துண்டுகளையும்தான். ஓட்டுச் சில்லை வைத்தே ஒரு நகரத்தின் இருப்பிடத்தைச் சொன்னார். கொற்கையில் 1968-69-ல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 8-ம் நூற்றாண்டு என்று தெரியவந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டிய தடயங்கள்

நத்தம்: குடியிருப்புக்கான நிலத்தை 'நத்தம்' என்று பதிவு செய்வது வழக்கம். கிராமத்தின் 'அ' பதிவேட்டைப் பாருங்க. சுற்றிலும் நஞ்சை, நடுவில் ஒரு வீடுகூட இல்லாத நத்தம் இருந்தால், அங்கே ஒருகாலத்தில் ஊர் இருந்திருக்கலாம். புல வரைபடத்தில் எங்கும் போய்ச் சேராத வண்டிப்பாதை இருந்தால் அதையும் குறிச்சுக்கோங்க.

பெயர்: நத்தமேடு, கோட்டைமேடு, பழைய ஊர் மாதிரியான வயல் பெயர்கள் ரெக்கார்டில் இருக்காது. பெரியவங்க வாயில்தான் இருக்கும். "அந்த வயக்காட்டுக்கு என்ன பேரு தாத்தா?" என்று கேட்டுப் பாருங்க. கொற்கையில் அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில் இருக்கிறது. அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் கூடம். கூடம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

தனிக் கோயில்: பங்குனி உத்திரத்துக்கு வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து பொங்கலிடும் சாஸ்தா கோயில்கள் நம்ம பக்கம் நிறைய உண்டு. பக்கத்தில் வீடே இல்லையென்றால், அவர்களின் முன்னோர் எங்கே குடியிருந்தார்கள் என்று விசாரிங்க. இது ஆதாரம் ஆகாது. ஆனால் நல்ல துப்பு.

மண்: அறுவடை முடிந்து முதல் உழவு போட்டதும் நடந்து பாருங்க. சுற்றுவயலைவிடச் சற்று உயர்ந்து, சாம்பல் கலந்தாற்போல் நிறம் மாறிய மண், அதில் நிறைய ஓட்டாஞ்சில்லு, சங்குத் துண்டு, உடைந்த செங்கல் இருந்தால், மனுஷன் நெடுங்காலம் புழங்கிய இடம் அது. வட்டமாகச் சுடுமண் விளிம்பு தெரிந்தால் உறைகிணறாக இருக்கலாம்.

தாழி: முதுமக்கள் தாழி பெரும்பாலும் விவசாயத்துக்கு ஆகாத பரம்பு நிலத்தில்தான் இருக்கும். ஆதிச்சநல்லூர் அப்படித்தான். 1876-ல் ஜாகோர், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியது இறந்தவர்களின் இடத்தை. அப்படியானால் இருந்தவர்களின் ஊர் பக்கத்தில் இருக்கணும் இல்லையா? தாழியைக் கண்டால் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது அதனால்தான்.

தோண்டாதீங்க!

ஒரு சில்லு எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் மதிப்பு. பிடுங்கி எடுத்துவிட்டால் அது வெறும் ஓடு. சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்மணிகள் அசையாமல் கிடந்ததால்தான், அவற்றின் காலம் கி.மு. 1155 என்று சொல்ல முடிந்தது. ஜே.சி.பி. ஒரே நாளில் மேட்டைச் சமன் செய்திருந்தால்? செங்கல் சூளைக்கும் சரள் மண்ணுக்கும் போகும் மேடுகளோடு ஊர்களும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

போட்டோ எடுங்க. பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேலையோ பேனாவையோ வையுங்க. போனில் லொகேஷனையும் சர்வே எண்ணையும் குறிச்சுக்கோங்க. நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு இறங்குங்க. தகவலை வி.ஏ.ஓ-விடமோ தொல்லியல் துறையிடமோ எழுத்தில் கொடுங்க. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

"நமக்கெல்லாம் இது ஆகிற காரியமா?" என்று யோசிக்காதீங்க. சிவகளையின் தொல்பொருள்களைத் தேடிச் சேர்த்து, வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர்தான். அடுத்த மேடு உங்க ஊர் வயலிலேயே இருக்கலாம். லாரி வருவதற்கு முன்னால் நீங்க போயிடுங்க!