தோழன் இல்லாத ஆட்டம்



நம் சபைப் பிள்ளைகளில் பலர் ஏதாவது ஓர் அணியில் விளையாடுகிறவர்கள். கூட விளையாடிய ஒருவன் திடீரென்று இறந்துபோனால், அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போவதா, வேண்டாமா? போனால் அவனை மறந்ததாக ஆகுமா? போகாவிட்டால் மற்றவர்களைக் கைவிட்டதாக ஆகுமா? பெயர்பெற்ற இரண்டு அணிகள் இந்தக் கேள்வியைச் சந்தித்த விதத்தை இந்த இதழில் பார்ப்போம்.

1958 பிப்ரவரி 6. பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தை முடித்துத் திரும்பிய மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் விமானம், எரிபொருள் நிரப்ப ம்யூனிக் நகரில் இறங்கியது. ஓடுபாதையில் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. மூன்றாம் முறை புறப்பட முயன்றபோதும் விமானம் மேலே எழும்பவில்லை; வேலியை உடைத்துக்கொண்டு போய் ஒரு வீட்டின்மேல் மோதியது. இறந்தவர்கள் 23 பேர். அவர்களில் எட்டுப் பேர் அணியின் வீரர்கள். மேலாளர் மாட் பஸ்பி மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். அவருடைய உதவியாளர் ஜிம்மி மர்பி, வேல்ஸ் நாட்டு அணியின் வேலையாக வேறிடத்தில் இருந்ததால் அந்த விமானத்தில் போகவில்லை. அணியைத் திரும்பக் கூட்டிச் சேர்க்கும் பாரம் அவர் தோளில் விழுந்தது.

சரியாக 13 நாள் கழித்து, பிப்ரவரி 19 அன்று, ஷெஃபீல்ட் வென்ஸ்டே அணியோடு எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். அன்று மைதானத்தில் விற்ற ஆட்டப் புத்தகத்தில் யுனைடெட் வீரர்களின் பெயர் வரவேண்டிய 11 இடங்களும் வெறுமையாக இருந்தன. யார் விளையாடுவார் என்று அச்சிடும்போது யாருக்கும் தெரியவில்லை. இளையோர் அணியிலிருந்து வந்த பையன்களையும், அவசரமாக வாங்கிய இருவரையும் வைத்து மர்பி அணியை இறக்கினார். விபத்தில் தப்பிய ஹாரி கிரெக்கும் பில் ஃபௌல்க்ஸும் அவர்களோடு ஆடினார்கள். யுனைடெட் 3-0 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து, 21 வயது டங்கன் எட்வர்ட்ஸ் ம்யூனிக் மருத்துவமனையில் காலமானார். அதாவது, அடக்கங்கள் எல்லாம் முடியும் முன்பே ஆட்டம் தொடங்கிவிட்டது.

பத்து ஆண்டு கழித்து, 1968இல், அதே பஸ்பியின் தலைமையில் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. தப்பிப்பிழைத்த ஃபௌல்க்ஸும் பாபி சார்ல்டனும் அந்த அணியில் இருந்தார்கள். இதைச் சொல்லி, "பார்த்தீர்களா, தொடர்ந்து ஆடியதே சரி" என்று முடிப்பது சுலபம். ஆனால் கிரெக்கின் கதையும் உண்டு. எரியும் ஆபத்தில் இருந்த விமானத்துக்குள் திரும்பப் போய் ஒரு தாயையும் குழந்தையையும் காப்பாற்றியவர் அவர். ஆனாலும், மற்றவர்கள் போய்விட நாம் மட்டும் ஏன் பிழைத்தோம் என்ற குற்ற உணர்வு பல ஆண்டுகள் அவரை விடவில்லை. இறந்த தோழர்களின் மனைவிமாரைப் பார்ப்பதற்கே அவர் தயங்கினார். கோப்பைகளின் கணக்கில் இந்தப் பாரம் சேராது.

இரண்டாவது நிகழ்ச்சி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2014 நவம்பர் 25 அன்று, சிட்னி மைதானத்தில் 63 ஓட்டங்களோடு ஆடிக்கொண்டிருந்த பிலிப் ஹியூஸின் கழுத்தில் பந்து தாக்கியது. இரண்டு நாளில் அவர் இறந்தார். 26ஆம் பிறந்தநாளுக்கு மூன்று நாளே இருந்தது. அந்தச் சுற்றின் ஷெஃபீல்ட் ஷீல்ட் ஆட்டங்கள் கைவிடப்பட்டன. ஷார்ஜாவில் பாகிஸ்தானும் நியூசிலாந்தும் ஆடிக்கொண்டிருந்த டெஸ்டில் ஒரு நாள் ஆட்டம் நிறுத்தப்பட்டது. மறுநாள் அவர்கள் இறங்கியபோது நியூசிலாந்து வீரர்கள் பவுன்சர் போடவில்லை. விக்கெட் விழுந்தபோது ஆர்ப்பரிக்கவும் இல்லை.

இந்தியாவுக்கு எதிராக டிசம்பர் 4இல் தொடங்கவிருந்த டெஸ்டையும் தள்ளிவைத்தார்கள். டிசம்பர் 3 அன்று ஹியூஸின் சொந்த ஊரான மேக்ஸ்வில்லில் அடக்க ஆராதனை நடந்தது. பிறகுதான், 9ஆம் தேதி, அடிலெய்டில் ஆட்டம். ஹியூஸின் பெயர் 13ஆவது வீரராகச் சேர்க்கப்பட்டது. மக்கள் 63 விநாடி எழுந்து நின்று கைதட்டினார்கள். மரணத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையே 12 நாள். 1958இல் கிடைத்ததைவிட ஒரு நாள் குறைவு. ஆனால் இம்முறை அழுவதற்கு இடம் விட்டிருந்தார்கள்.

அப்படியும் எல்லாருக்கும் அது ஒரேபோல் அமையவில்லை. அந்தப் பந்தை வீசிய ஷான் அபாட்டுக்கு அப்போது வயது 22. அதே டிசம்பரில், அதே சிட்னி மைதானத்துக்குத் திரும்பிவந்து, ஒரு இன்னிங்ஸில் 14 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட் எடுத்தார். அணித்தலைவர் மைக்கேல் கிளார்க்கோ, அடக்க ஆராதனையில் ஆட்டம் தொடரவேண்டும் என்று பேசினார். அடிலெய்டில் சதமும் அடித்தார். மறு ஆண்டு ஓய்வு பெற்றபின், ஹியூஸ் இறந்தபோதே தன் கிரிக்கெட்டும் முடிந்துவிட்டது, அப்போதே விலகியிருக்கவேண்டும் என்று மனம்திறந்து சொன்னார். ஆடச் சொன்னவரே ஆட முடியாதவராக இருந்தார்.

ஆகவே, அணி ஆடலாமா என்பது ஒரு கேள்வி; இவன் ஆடலாமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆம் என்று சொல்லும் அணி, இரண்டாவதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்கவேண்டும். "என்னால் முடியாது" என்கிறவனைக் கோழை என்று எண்ணக்கூடாது. "ஆடினால்தான் எனக்கு ஆறுதல்" என்கிறவனைக் கல்நெஞ்சன் என்றும் சொல்லக்கூடாது.

யோனத்தான் போரில் மடிந்த செய்தி வந்தபோது தாவீது என்ன செய்தான்? 2 சாமுவேல் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அவனும் அவனோடிருந்தவர்களும் சாயங்காலம்வரை அழுது உபவாசம் பண்ணினார்கள். தோழனுக்காக ஒரு புலம்பலைப் பாடி, அதை யூதா மக்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் சொன்னான். அதற்குப் பின்புதான், இரண்டாம் அதிகாரத்தில், இனி நான் போகட்டுமா என்று கர்த்தரிடத்தில் விசாரிக்கிறான். அழுகை முதலில், அடுத்த அடி பிறகு. அந்த அடியையும் அவன் கேட்டுத்தான் எடுத்துவைத்தான்.

வாலிபரே, உங்கள் அணியில் இப்படி ஒரு துயரம் வராதிருக்கவே ஜெபிக்கிறோம். வந்தால், ஆட்டத் தேதியைப் பேசுமுன் ஒன்றாக உட்கார்ந்து அழுங்கள். பிறகு, பக்கத்தில் இருப்பவனிடம், "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.