காஞ்சி சாலையில் திரும்பி வந்த மூச்சு

பூந்தமல்லியைத் தாண்டிப் போகும் சாலை காஞ்சிபுரத்துக்குப் போகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் அந்தக் காஞ்சியில் தங்கியிருந்ததாகத் தம் உரைநூல் ஒன்றின் முடிவில் சொல்கிறார் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி. அவர் இலங்கையின் அனுராதபுரத்தில் பாலி மொழியில் எழுதிய விசுத்திமக்கத்தில், மூச்சை எண்ணும் பயிற்சி விரிவாக இருக்கிறது. நெல் அளப்பவரைப்போல நிதானமாக எண்ணத் தொடங்க வேண்டும். ஐந்துக்குக் குறையவும் கூடாது, பத்தைத் தாண்டவும் கூடாது. குறைந்தால், நெருக்கமான பட்டியில் அடைத்த மாடுகளாக மனம் முட்டி மோதும் என்கிறார். களத்தில் 'லாபம், ரெண்டு' என்று மரக்காலால் அளக்கும் குரலைக் கேட்டவர்களுக்கு அந்த நிதானம் சட்டென்று புரியும்.

மூச்சின்மேல் வைக்கும் இந்தக் கவனத்துக்குப் பாலியில் 'ஸதி' என்று பெயர். ('சதி' என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும்.) இலங்கையில் அரசுப் பணி பார்த்த ரைஸ் டேவிட்ஸ், 1881-இல் அதை ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' ஆக்கினார். 1979-இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் ஜான் கபாட்-ஜின், தீராத வலியோடு வந்தவர்களுக்கு அதை வகுப்பாக நடத்தினார். அது எட்டு வாரப் பாடமாக உலகைச் சுற்றியது.

பர்மா வழியாகவும் ஒரு பாதை உண்டு. அந்நாட்டின் தலைமைக் கணக்காயர் ஊ பா கின்னிடம் கற்ற கோயங்கா, 1969-இல் பம்பாயிலும் சென்னையிலும் பத்து நாள் தியான முகாம் நடத்தினார். இன்று பூந்தமல்லிக்குத் தெற்கே, திருமுடிவாக்கத்தில் அவர் வழியில் நடக்கும் 'தம்ம சேது' மையம் இருக்கிறது. அங்கே முதல் மூன்று நாளும் மூச்சைக் கவனிப்பதுதான் வேலை. போன மூச்சு ஏறக்குறைய புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது.

இந்த நிதானம் யாருக்குத் தேவை? ஆவடி, அம்பத்தூர் பக்கம் காலையில் கல்லூரி பஸ் ஏறும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். அரியர், இன்டர்னல் மார்க், கேம்பஸ் இன்டர்வியூ எல்லாம் அதில் எழுதியிருக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களிடம் இதுபோன்ற எட்டு வாரப் பாடம் ஒன்றைச் சோதித்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. தேர்வு நேரத்தில் கடும் உளைச்சலில் இருந்தவர்கள், பாடம் படிக்காதவர்களில் 57 சதவீதம், படித்தவர்களில் 37.

அந்த 37 சதவீதத்தையும் மறக்கக் கூடாது. கல்லூரி நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன்: தேர்வுக்கு முந்தைய நாள் ஒரு மணி நேரச் சொற்பொழிவு வைக்காதீர்கள். செமஸ்டர் தொடக்கத்திலேயே, சாப்பாட்டு இடைவேளையைப் பறிக்காமல், இந்தப் பயிற்சிக்குக் கால அட்டவணையில் இடம் கொடுங்கள். மூச்சுக்கு அடங்காத துயரம் உள்ளவர்களுக்கு அரசின் இலவச டெலி-மானஸ் எண் இரவு பகலாக இயங்குகிறது: 14416.