சவலைப் பிள்ளையும் சேலத்து மருத்துவரும்

ஒரு மனிதன் உயிர் வாழ ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு வேண்டும்? இக்கேள்வி நம் சேலம் சீமையில் ஒரு காலத்தில் வயிற்றோடு மட்டும் நிற்காமல் அரசாங்கக் கோப்புகளிலும் ஏறிய கேள்வி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் கொடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. நிவாரண வேலைக்கு வந்த கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியத்துக்குரிய கூலியும் அதற்கு மேல் ஒரு சிறு காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் 1877இல் விதித்தார். ஓர் இராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். மண் வெட்டிக் கூடை சுமக்கும் உடலுக்கு இந்த அளவு போதாது என்பது அவர் வாதம். போதும் என்றவர் நிர்வாகி. போதாது என்றவர் மருத்துவர். இந்த இருவரையும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு உருவத்தில் அவர்கள் மீண்டும் வருவார்கள்.

அதே கேள்வி குழந்தைகளைப் பற்றி உலக அளவில் எழுந்தபோது, அதற்கு விடை தேடியவர்களுள் முதல் வரிசையில் நின்றவர் சேலத்தில் பிறந்த ஒரு மருத்துவர். அவர்தாம் டாக்டர் சி. கோபாலன். 1918 நவம்பர் 29ஆம் நாள் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, இலண்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். குழந்தை மருத்துவர் என்று பலகை மாட்டிக்கொண்டு இருந்தவர் அல்லர். சென்னை எழும்பூரில் டாக்டர் எஸ். டி. ஆச்சார் போன்ற பேராசிரியர்கள் குழந்தை மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்து வந்த காலத்தில், கோபாலன் ஆராய்ச்சிக்கூடத்தின் பக்கமிருந்து அதே குழந்தைகளை நோக்கி வந்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் பசி.

நம் கிராமங்களில் ‘சவலை’ என்றொரு சொல் உண்டு. மடியில் ஒரு குழந்தை இருக்கும்போதே தாய் மீண்டும் கருவுற்றால், பால் மறந்த அந்த மூத்த குழந்தை நாளுக்கு நாள் வாடும். அதைச் சவலைப் பிள்ளை என்பார்கள். சில வீடுகளில் தேரை தோஷம் என்று சொல்லி மந்திரிக்கவும் செய்வார்கள். ஆப்பிரிக்காவில், அப்போது தங்கக் கடற்கரை என்றும் இப்போது கானா என்றும் வழங்கும் நாட்டில், சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் ஒரு நோயைக் கண்டு 1933இல் எழுதினார். ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கால் வீங்கும், முகம் உப்பும், தோல் கறுத்து உரியும், தலைமயிர் செம்பட்டையாகும், குழந்தை எதிலும் நாட்டமின்றி முனகிக் கிடக்கும். அந்த ஊர்த் தாய்மார்கள் அந்நோய்க்கு வைத்திருந்த பெயரையே அவர் 1935இல் மருத்துவ உலகுக்குத் தந்தார்: குவாஷியார்க்கர். கா மொழியில் அதன் பொருள், அடுத்த குழந்தை பிறக்கும்போது முந்திய குழந்தைக்கு வரும் நோய் என்பதாம். கடல் கடந்த இரண்டு மக்கள், ஒருவரை ஒருவர் அறியாமலேயே, ஒரே துயரத்துக்கு ஏறத்தாழ ஒரே பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். நோயின் காரணத்தில் பாதியைப் பெயரிலேயே சொல்லிவிட்ட தாய்மார்களை நான் வியக்கிறேன்.

கோபாலன் பணியாற்றிய இடம் குன்னூர். அங்கே பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918இல் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். கோபாலன் பிறந்த ஆண்டும் அதுவே; தற்செயல்தான், ஆனால் தேர்வுக்குப் படிப்போர்க்கு நினைவில் வைக்க எளிது. அந்த ஓர் அறை பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. குன்னூரில் 1950களில் கோபாலனும் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் இந்தியக் குழந்தைகளிடம் குவாஷியார்க்கர் நோயை விரிவாக ஆராய்ந்தார்கள்.

இனி இந்த வரலாற்றின் நடுப்பகுதிக்கு வருவோம். குறைந்த உணவால் வாடும் குழந்தைகள் இரு வகை. ஒன்று, மேலே சொன்ன வீங்கிய குழந்தை. மற்றொன்று எலும்பும் தோலுமாய்க் கிழவன் முகத்தோடு இருக்கும் குழந்தை. இதற்கு மராஸ்மஸ் என்று பெயர். முன்னது புரதக் குறைவால் வருவது, பின்னது மொத்த உணவுக் குறைவால் வருவது என்பதே அப்போதைய பாடம். இப்பாடத்திலிருந்து ஒரு பெரிய முடிவு பிறந்தது. ஏழை நாடுகளின் குறை புரதக் குறை. ஆகவே பால் பொடி, மீன் மாவு, புரதச் சத்து மாவு ஆகியவற்றைச் செய்து அனுப்புக என்றார்கள். ஐக்கிய நாடுகள் அவை 1968இல் வரவிருக்கும் புரத நெருக்கடியைத் தவிர்ப்பது எப்படி என்று அறிக்கையே வெளியிட்டது. மைசூரில் நம் விஞ்ஞானிகளும் நிலக்கடலை மாவையும் கொண்டைக்கடலை மாவையும் கலந்து பல்நோக்கு உணவு என ஒன்றைச் செய்தார்கள். அது நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் நோய்க்கு அதுதானா மருந்து?

கோபாலனும் அவர் துணைவர்களும் செய்தது எளிய காரியம். எளிய காரியங்களைச் செய்யத்தான் பொறுமை வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தை விட்டுக் கிராமங்களுக்குச் சென்று, ஏழைக் குழந்தைகள் அன்றாடம் உண்மையில் என்ன தின்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். பின்னர் வீக்கம் கண்ட குழந்தையும் மெலிந்த குழந்தையும் நோய்க்கு முன் உண்ட உணவை ஒப்பிட்டார்கள். வேறுபாடு காணவில்லை. ஒரே சோறு, ஒரே குறை, இருவேறு நோய். அப்படியானால் வேறுபாடு உணவில் இல்லை, குறையைத் தாங்கும் உடலின் இயல்பில் இருக்கிறது என்றார் கோபாலன். தன் தசையைக் கரைத்து ஈடுகொடுக்கும் உடல் மெலிகிறது. அந்த ஈடுகொடுத்தல் முறியும்போது உடல் வீங்குகிறது. இக்கொள்கை இன்றும் முழுதும் தீர்ந்த வழக்கு அன்று. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்குண்டு என்றது. ஆயினும் அங்கும் ஒரே வீட்டில் ஒரே உணவுண்ட இரட்டையருள் ஒன்றுக்கு நோய் வந்தது, மற்றொன்றுக்கு வரவில்லை என்பதே தொடக்கம்.

கிராமக் கணக்கு இன்னொன்றையும் காட்டியது. தானியமும் சிறிது பருப்பும் உண்ணும் குழந்தைக்கு, அந்த உணவு வயிறு நிறையக் கிடைத்தால் புரதமும் பெரும்பாலும் போதிய அளவு கிடைத்துவிடுகிறது. வயிறு நிறையாததுதான் குறை. வயிறு நிறையாதபோது உடல் என்ன செய்கிறது? உடலை வளர்க்க வேண்டிய புரதத்தையே வெப்பத்துக்காக எரித்துவிடுகிறது. சேர்வராயன் மலைச் சந்தனக் கட்டையைக் கொண்டுவந்து ஒருவன் அடுப்பெரித்தால் எப்படியோ, அப்படி. விறகில்லாத வீட்டுக்கு மேலும் சந்தனம் அனுப்புவதில் என்ன பயன்?

இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஐதராபாத்தை அடுத்த கிராமங்களில் ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள ஏறத்தாழ 300 குழந்தைகளுக்கு, வீட்டு உணவோடு கூட, கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றால் ஆன ஓர் உணவை 14 மாதம் கொடுத்தார்கள். அதில் 310 கலோரி இருந்தது. புரதமோ 3 கிராம்தான். அந்தக் குழந்தைகள் உயரத்திலும் எடையிலும், அவ்வுணவு பெறாத குழந்தைகளை முந்தினார்கள். முடிவு 1973இல் அச்சாயிற்று. அடுத்த ஆண்டே மக்லாரன் என்னும் அறிஞர், புரதத்தை நம்பி உலகம் அடைந்த பெருந்தோல்வி என்ற பொருளில் இலண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்.

நம் பக்கத்து மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘வயிறு நிறைந்தால் போதும்’ என்ற விதி தானியம் தின்னும் ஊருக்கே பொருந்தும். கோபாலனும் துணைவர்களும் தொகுத்து 1971இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைப் பாருங்கள். 100 கிராமில் கம்பில் 11.6 கிராம் புரதம், சோளத்தில் 10.4; அரிசியில் 6.8. இவை நம் முன்னோர் இராசிபுரத்திலும் ஆத்தூரிலும் ஓமலூரிலும் உண்டவை. நம் குச்சிக்கிழங்கிலிருந்து ஆலையில் எடுக்கும் ஜவ்வரிசியிலோ 0.2 கிராம்தான். கலோரிக் கணக்கில் அது அரிசிக்குக் குறைந்ததன்று. ஜவ்வரிசிக் கஞ்சி எளிதில் செரிக்கும் என்று கைக்குழந்தைக்கு அதையே முழு உணவாக ஊட்டும் வழக்கத்தை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். நம் மாவட்டத்துக்குப் பிழைப்புத் தந்த பண்டத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் அட்டவணை பொய் சொல்லாது.

கோபாலன் 1974 முதல் 1979 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநராக இருந்தார். அங்கன்வாடிகளை நமக்குத் தந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975இல் தொடங்கிற்று. ஓய்வு பெற்றபின் 1980இல் இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளையை நிறுவினார். 1987இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. விருதுகளைப் பற்றி இவ்வளவு போதும்.

நான் அவரிடம் மிகவும் மதிப்பது அவர் ஓய்வுக்காலத்தில் நடத்திய ஒரு வழக்கை. 1982இல் டேவிட் செக்லர் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஏழை நாடுகளில் உருவம் சிறுத்த குழந்தைகளுள் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். கிடைக்கும் உணவுக்கேற்பச் சிறுத்துக்கொண்டவர்கள். சிறியவர்கள், ஆயினும் நலமானவர்கள் என்றார். கேட்க இனிமையான வாதம். அதை ஏற்றால், ஊட்டம் குறைந்த குழந்தைகளின் கணக்கு ஒரே நாளில் பெருமளவு குறைந்துவிடும், செலவும் குறையும். டெம்பிளின் ஓர் இராத்தல் தானியம் புது உடை உடுத்தி வந்தது என்று நான் கருதுகிறேன். கார்னிஷின் இடத்தில் இப்போது நின்றவர் கோபாலன். சிறுத்திருத்தல் நலம் என்றால் அது ஏழைக்கு மட்டும் ஏன் நலம் என்று அவர் கேட்டார். வசதியுள்ள இந்திய வீட்டுக் குழந்தை மேல்நாட்டுக் குழந்தைக்கு ஏறத்தாழ ஒப்பாகவே வளர்கிறது; ஆகவே குட்டை என்பது நம் இனத்தின் அளவன்று, வறுமையின் அளவு என்பது அவர் கட்சி.

பல்லாண்டு பள்ளி முற்றத்தில் காலை வழிபாட்டுக்கு உயர வரிசையில் பிள்ளைகளை நிறுத்தியவன் நான். முன்வரிசையில் நின்றவர்களுள் பலர் தறி வீட்டுப் பிள்ளைகளும், கிழங்குக் காட்டில் கூலிக்குப் போவோரின் பிள்ளைகளுமாகவே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை வரை வகுப்புக்குத் தவறாமல் வருபவர் அவர்களுள் குறைவு. சளியும் வயிற்றுப்போக்கும் முதலில் தேடி வருவது அந்த வரிசையைத்தான். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989 முதல் முட்டையும் சேர்ந்தது. முதலில் இரு வாரத்துக்கு ஒன்று. 2010 முதல் வாரத்துக்கு ஐந்து. 1997இல் சேலத்திலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்த நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. முட்டை அருமையான உணவு. சோற்றுக்கு மேலே வரும்போது உடலை வளர்க்கும், சோற்றுக்குப் பதிலாக வந்தால் அதுவும் சந்தனக் கட்டைதான்.

செக்லர் தொடங்கிய வழக்கில் வலுவான சான்று 2006இல் கிடைத்தது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் நல்ல பராமரிப்பும் பெற்ற குழந்தைகளை உலகச் சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை அளந்தது. இந்தியாவிலிருந்து அளக்கப்பட்டவை புதுடில்லிக் குழந்தைகள். ஐந்து வயது வரை அந்த ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே சீராக வளர்ந்திருந்தனர். அந்த அளவுகளே இன்று நம் அங்கன்வாடிகளில் எடை பார்த்துக் குறிக்கும் அட்டையில் கோடுகளாக இருக்கின்றன. அப்போது கோபாலனுக்கு வயது 87. அதன் பின்னும் எழுதிக்கொண்டிருந்த அவர், 2019 அக்டோபர் 3ஆம் நாள், நூறு வயது கடந்து, சென்னையில் மறைந்தார்.